துரைசானி தலையில் கொக்கு

கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்து, அது வெயிலில் உருகிக் கண்ணை மறைக்கும்வரை காத்திருந்து பிடிக்கலாம் என்று யோசனை சொன்ன மகானை நாம் தலைமுறை தலைமுறையாகக் கேலி செய்து வருகிறோம். அநியாயம். அந்த மனிதர் கொக்கின் உயிருக்காவது மதிப்புக் கொடுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன், பாரீஸ், நியூயார்க் நகரங்களில் இருந்த மேதாவிகள் கொக்கைச் சுட்டுக் கொண்டுவந்து சீமாட்டிகளின் தலையில் வைத்தார்கள். அதற்கு நாகரிகம் என்று பெயரும் வைத்தார்கள்.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு ராஜ பரம்பரை உண்டு. பிரெஞ்சு ராணி மரீ அந்துவானெத் கூந்தலைக் கோபுரமாக எழுப்பி, அதன் உச்சியில் இறகுகளை நட்டு நடமாடினாள். கோச்சு வண்டியின் கூரை இடிக்கிறது என்று சீமாட்டிகள் வண்டிக்குள் மண்டியிட்டுப் போனார்களாம். 1775-ல் வியன்னாவிலிருந்து அம்மாக்காரி மரியா தெரசா, “இதென்னடி கோலம்” என்ற தோரணையில் மகளுக்குக் கடிதமே எழுதினாள். மகாராணியாக இருந்தாலும் அம்மா அம்மாதானே. மகள் கேட்கவில்லை. பிற்பாடு அந்தத் தலைக்கு நேர்ந்தது எல்லோரும் அறிந்ததே, ஆனால் அதற்கும் இறகுக்கும் சம்பந்தமில்லை.

ராணியோடு போயிருக்க வேண்டிய வியாதி, நூறு வருஷம் கழித்து நடுத்தர வர்க்கத்துக்குத் தொற்றியபோதுதான் பறவைகளுக்குச் சனி பிடித்தது. ஒரு ராணிக்குப் பத்து இறகு போதும். ஒரு கோடிப் பெண்களுக்குத் தொப்பி வேண்டுமென்றால் காடு காலியாகும். வெறும் இறகோடும் நிற்கவில்லை. சிறகு, தலை, சில சமயம் கண்ணாடிக் கண் பதித்த முழுப் பறவை என்று தொப்பி மேலேயே ஒரு சரணாலயம் நடத்தினார்கள். உயிர் மட்டும்தான் குறைவு.

1886-ல் நியூயார்க்கில் பிராங்க் சாப்மன் என்ற இளைஞருக்கு ஒரு விபரீத ஆசை வந்தது. வங்கி வேலையை உதறிவிட்டுப் பறவை பார்க்கக் கிளம்பியவர் அவர். காட்டுக்குப் போகாமல் கடைத்தெருவுக்குப் போனார். இரண்டு பிற்பகல்கள், எதிரே வரும் பெண்களின் தலைகளை உற்று உற்றுப் பார்த்துக் குறிப்பெடுத்தார். நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் செய்திருந்தால் செருப்பு பறந்திருக்கும். 700 தொப்பிகளில் 542-ல் பறவை இருந்தது. மரங்கொத்தி, ஆலா, காடை என்று 40 வகை. காட்டில் ஒரு நாள் முழுக்கச் சுற்றினாலும் அத்தனை வகை சுலபமாகக் கண்ணில் படாது என்பதுதான் கொடுமை.

எல்லாவற்றிலும் உசத்தி வெண்கொக்கின் இறகு. இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் அதன் முதுகில் மெல்லிய தூவிகள் நீண்டு வளரும்; ஜோடியை மயக்க அது போட்டுக்கொள்ளும் அலங்காரம் அது. அதை எடுக்க வேண்டுமானால் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருக்கும் சமயத்தில் போக வேண்டும். அந்த நேரத்தில் கொக்கு குஞ்சை விட்டுப் பறந்துபோகாது. வேட்டைக்காரனுக்கு இதைவிடச் சௌகரியம் வேறென்ன? தாயும் தகப்பனும் விழுந்த பிறகு குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினி கிடந்து சாகும். அடுத்த தலைமுறையே இல்லாமல் செய்கிற வியாபாரம் எத்தனை நாள் ஓடும் என்று கேட்க எந்த வியாபாரிக்கும் தோன்றவில்லை. 1903 வாக்கில் கொக்குத் தூவி ஒரு அவுன்ஸ் 32 டாலர். தங்கம் அப்போது 21 டாலருக்கும் குறைவு. கழுத்தில் தங்கம் போட்டவளைவிடத் தலையில் கொக்கு வைத்தவள்தான் வசதிக்காரி.

கணக்கைக் கேளுங்கள். 1902-ல் லண்டன் ஏலத்தில் போன கொக்கு, நாரைத் தூவி 1,608 கட்டு. கட்டுக்குச் சுமார் 30 அவுன்ஸ். அவுன்ஸுக்கு நாலு பறவை. பெருக்கினால் 1,92,960 பறவைகள். குஞ்சுகளுக்குக் கணக்கு கிடையாது, அவற்றுக்குத்தான் விலை இல்லையே.

மனச்சாட்சி உறுத்திய சீமாட்டிகளும் இருந்தார்கள். அவர்களுக்கென்று கடைக்காரர்கள் கைவசம் இரண்டு பதில் வைத்திருந்தார்கள். ஒன்று, “அம்மணி, இது செயற்கை இறகு.” மற்றொன்று, “அம்மணி, கொக்கு தானாக உதிர்த்துவிட்டுப் போனதைப் பொறுக்கி எடுத்தோம்.” வாங்கிச் சோதித்துப் பார்த்தால் செயற்கை இறகெல்லாம் அசல் கொக்கு. தானாக உதிர்ந்தது என்பதில் ஓரளவு உண்மை உண்டு: குண்டு பட்ட கொக்கு தானாகத்தானே மரத்திலிருந்து உதிர்கிறது.

பறவைகளைப் பற்றிப் படித்த பெரியவர்கள் இல்லையா என்றால், இருந்தார்கள். பிரிட்டிஷ் பறவையியலாளர் சங்கம் 1858-லேயே தொடங்கியாயிற்று. தாடி வைத்த கனவான்கள். அந்தக் காலத்தில் பறவையை ஆராய்வது என்றால் அதைச் சுட்டு, பஞ்சடைத்து, லத்தீனில் பெயர் எழுதி அலமாரியில் அடுக்குவது. ஒரு பறவை அரிதாகிறது என்று தெரிந்தால் இவர்களுக்குப் பதற்றம் வரும்: தீர்வதற்குள் நமக்கொன்று சுட்டுக்கொள்ள வேண்டுமே! பெண்களுக்கு அந்தச் சங்கத்தில் இடமில்லை.

மான்செஸ்டருக்கு அருகே டிட்ஸ்பரியில் இருந்த எமிலி வில்லியம்சன் இந்தத் தாடிகளிடம் இறகு வியாபாரத்தைப் பற்றி ஏதாவது செய்யுங்களேன் என்று கேட்டுப் பார்த்ததாகவும், பதிலே வரவில்லை என்றும் சொல்வார்கள். வராததும் நல்லதுக்குத்தான். 1889-ல் அந்த அம்மாள் தன் வீட்டிலேயே பறவைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார், பெண்கள் மட்டும். உறுப்பினர் கட்டணம் இரண்டு பென்னி. நிபந்தனையும் சுருக்கம்: பறவைகளை வீணாகக் கொல்வதை எதிர்க்க வேண்டும், சாப்பாட்டுக்காகக் கொன்ற பறவையைத் தவிர வேறெதன் இறகையும் அணியக் கூடாது. நெருப்புக்கோழிக்கு மட்டும் விலக்கு. அதை வளர்த்து, கொல்லாமலே இறகு வெட்டலாம் என்பது ஒரு காரணம். ஒரேயடியாக இறகை விடச் சொன்னால் ஒருத்தியும் சேரமாட்டாள் என்பது சொல்லாத காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். கோழியைச் சாப்பிட்டுவிட்டால் அதன் இறகை வைத்துக்கொள்வதில் பாவமில்லை என்ற தர்மம் நமக்கும் புரிகிற தர்மம்தான்.

அதே சமயம் லண்டனுக்குத் தெற்கே குராய்டனில் எலைசா பிலிப்ஸ் அம்மையார் வீட்டில் இதே நோக்கத்தோடு தேநீர்க் கூட்டங்கள். 1891-ல் இரண்டு கும்பலும் ஒன்று சேர்ந்தன. அந்தக் குராய்டன் கோஷ்டியில்தான் நம் கதாநாயகி இருக்கிறாள்: எட்டா. பிறகு பிராங்க் லெமன் என்ற வக்கீலைக் கல்யாணம் செய்துகொண்டு திருமதி லெமன் ஆனவர். இனி லெமன் மாமி என்றே சொல்கிறேன், அந்த அம்மாள் இருந்தால் இதற்கும் எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கும்.

கடிதம்தான் மாமியின் ஆயுதம். இளம் பெண்ணாக இருந்தபோதே ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவாள். எல்லோரும் தலை குனிந்து ஜெபிக்கும்போது இவள் தலை நிமிர்ந்து தொப்பிகளை எண்ணுவாள். யார் யார் தலையில் என்ன பறவை என்று மனதில் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து ஒவ்வொருத்திக்கும் கடிதம்: நீங்கள் நேற்று அணிந்திருந்த பறவை இன்ன விதமாகக் கொல்லப்பட்டது, அதன் குஞ்சுகள் இன்ன விதமாகச் செத்தன. திங்கட்கிழமை காலை காபியோடு அதைப் படிப்பவளின் முகத்தை நினைத்துப் பாருங்கள். அடுத்த ஞாயிறு அவள் தலையில் ரிப்பன் மட்டும்தான்.

கொக்குகளைக் காப்பாற்றிய சக்தி இதுதான் என்பது என் கட்சி. விஞ்ஞானம் பிறகு வந்தது, சட்டம் அதற்கும் பிறகு வந்தது. முதலில் வந்தது “நாலு பேர் என்ன நினைப்பார்கள்?” பொதுமக்கள் ஆதரவு என்று இன்றைக்கு அறிக்கைகளில் கௌரவமாக எழுதுகிறோமே, அதன் பூர்வாசிரமப் பெயர் ஊர் வாய். நம் ஊர்த் திண்ணைகளில் எத்தனையோ நல்ல காரியங்களையும் கெட்ட காரியங்களையும் செய்த அதே சக்தியை இந்தப் பெண்கள் கொக்குப் பக்கம் திருப்பிவிட்டார்கள். 1898-ல் சங்கத்துக்கு 20,000 உறுப்பினர்கள், 152 கிளைகள். முந்தைய வருஷத்தில் மட்டும் 16,000-க்கு மேல் கடிதமும் 50,000 துண்டுப் பிரசுரமும் போயிருந்தன. தபால்காரர்கள் பாவம்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமும் இதே கூத்து. 1896-ல் பாஸ்டனில் ஹாரியட் ஹெமன்வே என்ற பணக்கார அம்மாள் கொக்கு வேட்டையைப் பற்றி எதையோ படித்துவிட்டுக் கொதித்துப் போனார். உறவுக்காரி மின்னா ஹாலைக் கூப்பிட்டார். இருவரும் நகரத்துப் பெரிய மனிதர்களின் விலாசப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, இறகு வைக்கக்கூடிய பெண்களுக்குப் பக்கத்தில் குறி போட்டார்கள். பிறகு ஒவ்வொருத்தியையும் தேநீருக்கு அழைத்தார்கள். பலகாரம் தின்றுகொண்டிருக்கும்போது வேட்டைக் கதை வரும். தின்றதை விழுங்கவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. இப்படியே 900 பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். சேராதவர்களும் உண்டு, அவர்களுக்குத் தேநீர் வேண்டியிருந்தது, தொப்பியும் வேண்டியிருந்தது. அங்கே பிறந்ததுதான் மாசசூசெட்ஸ் ஆடுபன் சங்கம். தலைவராக மட்டும் ஓர் ஆண் பறவை நிபுணரை உட்கார வைத்தார்கள். கல்யாண வீட்டில் வேலையெல்லாம் பெண்கள் செய்ய, வாசலில் சந்தனம் கொடுக்க ஒரு பெரியவர் வேண்டுமல்லவா?

1900-ல் லேசி சட்டம் வந்தது: ஒரு மாநிலத்தில் திருட்டுத்தனமாகச் சுட்டதை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோவது குற்றம். பிறகு 1903-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட். மனிதர் துப்பாக்கியைக் கீழே வைத்தால் கை நடுங்கும் ரகம், சுடாத மிருகம் குறைவு. ஆனால் புளோரிடாவில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும் ஒரு துக்குணித் தீவைக் காப்பாற்ற வேண்டும் என்று வந்து கேட்டபோது, இதைச் சரணாலயமாக அறிவிக்கவிடாமல் தடுக்கும் சட்டம் ஏதாவது உண்டா என்றாராம். இல்லை என்றார்களாம். சரி, அறிவித்துவிட்டேன் என்றாராம். நடந்ததோ இல்லையோ, நடந்திருக்க வேண்டிய கதை. பெலிக்கன் தீவு மார்ச் 14 அன்று சரணாலயமானது. அரசாங்கம் தீவைக் கொடுத்ததே தவிர, காவலுக்குக் காசு கொடுக்கவில்லை. பால் குரோகல் என்பவரைக் காவலராகப் போட்டு, பறவை அபிமானிகள் மாதம் ஒரு டாலர் சம்பளம் கொடுத்தார்கள். அரசுத் திட்டங்களின் ஜாதகம் எந்தத் தேசத்திலும் ஒன்றுதான்.

இந்தக் கதையில் சிரிக்க முடியாத இடம் ஒன்று உண்டு. கய் பிராட்லி. சிறுவனாக இருந்தபோது இறகு வேட்டைக்குப் போனவர், பெரியவனானதும் மனம் மாறி மாதம் 35 டாலருக்குத் தெற்குப் புளோரிடாவின் சதுப்புநிலங்களைக் காவல் காத்தார். 1905 ஜூலை 8 அன்று, பறவைகளைச் சுட்டுக்கொண்டிருந்தவர்களைத் தட்டிக் கேட்கப் படகில் போனார். அங்கே இருந்தவர் பழைய பழக்கக்காரர். பிராட்லியைச் சுட்டார். வழக்கு விசாரணைக்கே போகவில்லை, சுட்டவர் வெளியே வந்துவிட்டார். பாஸ்டன் தேநீர் மேசைக்கும் அந்தப் படகுக்கும் இடையே இருந்த தூரத்தை யாரும் அளக்கவில்லை.

நம் பக்கத்துக் கொக்குகளும் இதில் தப்பவில்லை. லண்டன் ஏலத்துக்குப் போன மூட்டைகளில் இந்தியச் சரக்கு ஏராளம். 1902-ல் கர்சன் காலத்து அரசு பறவை இறகு ஏற்றுமதியைத் தடை செய்தது. உடனே வியாபாரிகள் திருந்திவிட்டார்கள்: மூட்டையின் மேல் ஒட்டும் பெயரை மாற்றிவிட்டார்கள். ஆனால் கொக்குக்காக ஊரே திரண்டு துரையிடம் போய் நின்ற கதை நம்மிடம் இதற்கு நூறு வருஷம் முன்பே இருக்கிறது. வேடந்தாங்கல் ஏரியில் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று கிராமத்தார் முறையிட, செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-ல் பாதுகாப்பு உரிமை எழுதிக் கொடுத்தார் என்பது அந்த ஊரின் பெருமை. பாஸ்டன் சீமாட்டிகள் கருணையால் செய்ததை நம்மவர்கள் கணக்குப் போட்டுச் செய்தார்கள்: பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். எனக்கென்னவோ இந்த எச்சக் காரணம்தான் நம்பத்தக்கதாகப் படுகிறது. கருணைக்கு நாள் கிழமை உண்டு, நெல்லுக்கு வருஷாவருஷம் உரம் வேண்டும்.

லண்டனுக்குத் திரும்புவோம். விக்டோரியா மகாராணி 1899-ல் சில படைப்பிரிவுகளின் தொப்பியிலிருந்து கொக்குத் தூவியை எடுக்க உத்தரவிட்டார். சிப்பாய்களும் வைத்திருந்தார்கள் என்பதைக் கவனிக்க: அதுவரை பெண்களின் பைத்தியம் என்று திட்டியவர்களில் பலர் பட்டாளத்தைத் திட்டியதில்லை. 1904-ல் சங்கத்துக்கு ராஜ சாசனம் கிடைத்து, பெயருக்கு முன்னால் ‘ராயல்’ ஒட்டிக்கொண்டது. கூடவே கௌரவச் செயலாளர் நாற்காலியில் லெமன் மாமியின் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார். மாமி வழக்கம்போல் வேலையைப் பார்த்தாள். 1909-ல் அந்தப் பழைய தாடிச் சங்கமும் இறங்கி வந்து நான்கு பெண்களுக்குக் கௌரவ உறுப்பினர் பட்டம் கொடுத்தது. அதில் ஒருத்தி மாமி. தான் பறவை நிபுணர் என்று மாமி ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை; நிபுணர்கள் செய்தது என்ன என்று அவளுக்குத்தான் தெரியுமே.

மாமியைத் தெய்வமாக்கிவிடாதீர்கள், அவளே விடமாட்டாள். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு எம்மலின் பேங்க்ஹர்ஸ்ட் தெருவில் இறங்கியபோது, லெமன் மாமி எதிர்க்கட்சி. பெண்களுக்கு ஓட்டு எதற்கு என்று கேட்கும் சங்கத்தின் உள்ளூர்க் கிளையை நடத்தினாள். பேங்க்ஹர்ஸ்ட் அம்மையாரோ நன்றாக உடுத்துகிறவர், தொப்பியில் இறகு இல்லாமல் புரட்சி செய்ய மாட்டார். கொக்கைக் காத்தவள் பெண்ணின் ஓட்டை மறுத்தாள். ஓட்டுக் கேட்டவள் கொக்கைச் சூடினாள். சரித்திரத்தில் நல்லவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள் என்று எதிர்பார்ப்பவர்கள் வேறு பாடம் எடுத்துப் படிக்கலாம்.

1908-ல் இறகு இறக்குமதியைத் தடுக்கும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்து படுத்தது. பிறகும் வந்தது, பிறகும் படுத்தது. வியாபாரிகள் சங்கம் வைத்து வேலை போகும், தொழில் போகும் என்று ஒப்பாரி வைத்தார்கள். இதற்கிடையே தொப்பிகளின் விளிம்பு தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டது. அதைத் தலையில் நிறுத்தக் கத்தி நீளத்துக்கு ஊசிகள். டிராமில் பக்கத்தில் நிற்பவர் கன்னத்தைக் கிழித்தன. சிகாகோ நகரசபை 1910-ல் ஊசியின் நீளத்துக்குச் சட்டமே போட்டது. எவ்வளவு சுறுசுறுப்பு! ஊசி குத்தியது ஆண்களின் கன்னத்தில் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

1911-ல் மாமியின் கோஷ்டி தெருவுக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் ஆர்தர் மாட்டிங்லி என்பவர் கொக்குக் கூடுகளில் எடுத்த புகைப்படங்கள் கிடைத்திருந்தன: செத்த தாய், வாய் பிளந்த குஞ்சுகள். அவற்றைப் பெரிய பலகைகளாக்கி, முன்னும் பின்னும் தொங்கவிட்ட ஆட்களை லண்டனின் பணக்காரக் கடைத்தெருக்களில் நடக்கவிட்டார்கள். தொப்பி வாங்கப் போன சீமாட்டி கடை வாசலிலேயே அந்தக் கூட்டைப் பார்த்தாக வேண்டும்.

அமெரிக்காவில் 1913-ல் இறக்குமதிக்கே தடை. நியூயார்க் துறைமுகத்தில் சுங்க அதிகாரிகள் கத்தரிக்கோலோடு நின்று, கப்பலிலிருந்து இறங்கும் சீமாட்டிகளின் தொப்பியிலிருந்து இறகை வெட்டினார்கள். பாரீஸில் கொட்டிக் கொடுத்து வாங்கிய தொப்பி, ஒரு குமாஸ்தாவின் கையில் மொட்டையாகிறது. ரகளைதான்.

ஆனால் இறகு மோகத்தை உண்மையில் முடித்த கத்தரிக்கோல் அது இல்லை. முதல் உலகப்போர் வந்தது. பெண்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள். மோட்டார் கார் வந்தது. திறந்த காரில் குடை அகலத் தொப்பி நிற்காது. கடைசியில் கூந்தலையே கத்தரித்துவிட்டார்கள். கொண்டை இல்லை, எனவே ஊசி குத்த இடமில்லை, எனவே பெரிய தொப்பி இல்லை, எனவே கொக்கும் வேண்டாம். முப்பது வருஷம் கத்திக் கத்திச் செய்ததை முடிதிருத்தும் கடை முடித்து வைத்தது. மாமியோ கூந்தல் வெட்டிய பெண்களையும் அங்கீகரித்திருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

மோகம் தணிந்த பிறகும் நாடாளுமன்றம் நகரவில்லை. 1920-ல் மசோதா குழுவுக்குப் போனது. அநேகமாக முழுக்க ஆண்கள். கூட்டம் நடத்த வேண்டிய குறைந்தபட்சத் தலைகள்கூடத் தேறவில்லை. மசோதா தொங்கியது. உடனே ஒரு பத்திரிகையாளர் பெண்களின் ஆடம்பரத்தைச் சாடி எழுதினார். வர்ஜீனியா உல்ஃபுக்கு வந்ததே கோபம்! சிறுவயதிலிருந்து இறகு சூடுவதில்லை என்று விரதம் காத்தவர், இதைப் படித்தபின் கடைக்குப் போய் ஒரு கொக்குத் தூவி வாங்கிச் செருகிக்கொள்ளத் தோன்றுகிறது என்று எழுதினார். சுடுகிறவன் ஆண், விற்கிறவன் ஆண், சட்டம் போட வராமல் இருப்பவனும் ஆண், திட்டு மட்டும் பெண்ணுக்கா என்பது அவர் கேள்வியின் சாரம்.

ஒருவழியாக 1921-ல் சட்டம் நிறைவேறி, 1922 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. தேதியை யார் தேர்ந்தெடுத்தார்களோ. இறகு இறக்குமதி செய்யக் கூடாது. ஆனால் ஏற்கெனவே வந்ததை விற்கலாம், அணியலாம். பயணி சொந்த உபயோகத்துக்கு அணிந்து வந்தால் சுங்கம் கண்டுகொள்ளாது.

நெருப்புக்கோழிக்கு எமிலி அம்மாள் 1889-ல் கொடுத்த விலக்கைச் சட்டமும் மறக்காமல் கொடுத்தது. தென்னாப்பிரிக்காவின் ஓட்ஸ்ஹூர்ன் ஊர்ப் பண்ணைக்காரர்கள் இதைக் கேட்டு ஆனந்தப்பட்டிருக்க வேண்டும். 1913-ல் அந்த நாட்டு ஏற்றுமதியில் தங்கம், வைரம், கம்பளிக்கு அடுத்த இடம் அவர்களுடைய இறகுக்கு. அந்தக் காசில் அரண்மனை அரண்மனையாக வீடு கட்டியிருந்தார்கள். கொக்கைப் போல யாரும் அவர்கள் சரக்கைத் தடை செய்யவில்லை, எந்த மாமியும் அவர்களுக்குக் கடிதம் எழுதவில்லை, சட்டமே பக்கத்தில் நின்றது. ஆனால் 1914-லேயே விலை விழுந்து, கடன்காரர்கள் வாசலுக்கு வந்து, பல பண்ணைகளில் கோழிகளை அவிழ்த்து விட்டாயிற்று. எதற்கும் விலக்கு கைவசம் இருக்கட்டும் என்று சட்டம் மட்டும் வைத்துக்கொண்டிருந்தது.